டெல்லிக்கு அணிவகுப்பு, நமக்கு ஆரஞ்சு மிட்டாய்

ஜனவரி 26 என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆரஞ்சு மிட்டாய்தான்.

காரைக்குடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் கொடியேற்றிவிடுவார்கள். கொடிக்குள் முடிந்துவைத்த பூ தலையில் உதிரும். தலைமையாசிரியர் பேசுவார். அவர் என்ன பேசினார் என்று அன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கண்ணெல்லாம் மிட்டாய் டின் மேலேயே இருக்கும். ஆளுக்கு இரண்டு. கை தாராளமில்லாத வருஷத்தில் ஒன்று. அதை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால், அங்கே டி.வி.யில் டெல்லி ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் அப்போது நாலு வீட்டுக்கு ஒரு டி.வி. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். டாங்கி போகும். ஒட்டகம் போகும். இந்தியில் ஒருத்தர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் மாநில வண்டிகள். அப்பத்தா பொறுமையிழந்து கேட்பாள்: "நம்ம ஊரு வண்டி எப்படா வரும்?" வரும். ஒரு கோபுரம், நாலு பரதநாட்டியம், ஒரு நாதஸ்வரம். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அடுத்த மாநிலம் வந்துவிடும். சில வருஷம் வராமலே போய்விடும். "இந்த வருஷம் நம்மளைக் கூப்பிடலை போல" என்று சொல்லிவிட்டு அப்பத்தா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நம்மளைக் கூப்பிடலை. அந்த வார்த்தையை இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன். நம் வீட்டு விசேஷத்துக்கு நம்மை யார் கூப்பிட வேண்டும்?

2022-ல் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷக் குடியரசு தின அணிவகுப்புக்குத் தமிழ்நாடு அனுப்பிய அலங்கார ஊர்தி டெல்லியில் தேறவில்லை. அதில் இருந்தவர்கள் யார்? வ.உ.சி., பாரதியார், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள். கடைசி மூன்று பேரும் எங்கள் சிவகங்கைச் சீமைக்காரர்கள். வெள்ளைக்காரன் தன் கணவரைக் காளையார்கோவிலில் கொன்ற பிறகு, விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டி, ஹைதர் அலியின் துணையோடு 1780-ல் சீமையை மீட்டவர் வேலு நாச்சியார். ஜான்சி ராணி பிறப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்த கதை இது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் அந்த ஊருக்கு.

வேடிக்கை என்னவென்றால், அதே 2022 ஜனவரி 3-ஆம் தேதிதான் வேலு நாச்சியாரின் பிறந்த நாளுக்குப் பிரதமர் ட்விட்டரில் வணக்கம் சொல்லியிருந்தார். வணக்கம் உண்டு. வண்டிக்குத்தான் இடம் இல்லை.

முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பதில் எழுதினார். மொத்தம் 29 விண்ணப்பம் வந்தது, தேர்வானது 12, தமிழ்நாடு மூன்று சுற்று வரை வந்து கடைசியில் நின்றுவிட்டது, 2017, 2019, 2020, 2021 என்று முன்பெல்லாம் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறோமே என்பது அந்தப் பதிலின் சாரம். மேற்கு வங்கத்தின் நேதாஜிக்கும், கேரளத்தின் நாராயண குருவுக்கும் அந்த வருஷம் இதே கதிதான். டெல்லியில் இடம் கிடைக்காத அந்த வண்டி சென்னை மெரினாவில் ஓடியது. பிறகு மாவட்டம் மாவட்டமாகப் போனது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள்.

எனக்கும் கோபம் வந்தது. காரைக்குடிக்காரனுக்கு வராமல் இருக்குமா? டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சுதான். ஆனால் கோபம் ஆறிய பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மருது பாண்டியர்களுக்கு மரியாதை கொடுக்க டெல்லியில் ஒரு தேர்வுக் கமிட்டி எதற்கு? அவர்களைத் தூக்கில் போட்ட ஊர் இங்கே இருக்கிறது. அந்த ஊரில் ஜனவரி 26 அன்று நாம் என்ன செய்கிறோம்?

லீவு விடுகிறோம்.

*

இந்த நாள் டெல்லிக்கு எப்படிச் சொந்தமானது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஜனவரி 26 பிறந்த ஊர் டெல்லி இல்லை. லாகூர். இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் அதே லாகூர்தான். 1929 டிசம்பரில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, இனி முழு விடுதலைதான் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அடுத்த சில நாளில், ஜனவரி 26-ஐ நாடு முழுவதும் விடுதலை நாளாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்தார்கள். அது அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? எல்லாரும் டெல்லிக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரவர் ஊரில் கூடுங்கள், கொடியேற்றுங்கள், உறுதிமொழியை உங்கள் பாஷையில் சத்தமாகப் படியுங்கள், கையைத் தூக்குங்கள் என்றார்கள். அவ்வளவுதான் விழா. ஒட்டகம் கிடையாது, பீரங்கி கிடையாது. மேடை கூடத் தேவையில்லை. ஆனால் படித்தால் போலீஸ் வரும். 1930-லிருந்து விடுதலை கிடைக்கும்வரை வருஷா வருஷம் இதுதான் ஜனவரி 26. எந்த ஒரு நகரத்துக்கும் அது சொந்தமாக இல்லை. கூடி நின்று படிக்கத் துணிந்த ஊருக்கெல்லாம் சொந்தமாக இருந்தது.

அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இருந்தும் இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26-ல் அமலுக்குக் கொண்டுவந்ததே, ஊர் ஊராக உறுதிமொழி படித்த அந்த நாளுக்கு மரியாதை செய்யத்தான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. முதல் அணிவகுப்பு டெல்லியில் எங்கே நடந்தது? இர்வின் அரங்கத்தில். யார் அந்த இர்வின்? 1930-ல் ஜனங்கள் உறுதிமொழி படித்தபோது வைஸ்ராயாக உட்கார்ந்திருந்தவர்! சில வருஷம் இடம் மாறி மாறி நடந்துவிட்டு, 1955-லிருந்து ராஜபாதைக்குப் போனது. அந்தப் பாதை யார் போட்டது? 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டெல்லிக்கு வந்து, கல்கத்தாவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றுகிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனாரே, அந்தப் புது டெல்லிக்காகப் போட்ட பாதை. அதற்கு வைத்த பெயர் கிங்ஸ்வே. ராஜா ஊர்வலம் போவதற்கென்றே அளந்து போட்ட ரோடு. சுதந்திரம் வந்ததும் அதையே இந்தியில் ராஜபாதை ஆக்கினோம். 2022 செப்டம்பரில் கடமைப் பாதை ஆக்கினோம். போர்டு இரண்டு தடவை மாறிவிட்டது. ரோட்டின் வேலை மாறவில்லை. நடுவில் அதிகாரம் போகும். இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

ராஜா வேண்டாம் என்று சொன்னதற்குப் பெயர்தான் குடியரசு. அதைக் கொண்டாட ராஜா ரோடுதான் கிடைத்ததா நமக்கு?

*

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். எங்கள் ஊரும் அப்படித்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போய்ப் பேரேடு எழுதிய ஊர். வருஷம் முடிந்தால் ஐந்தொகை போட்டாக வேண்டும். முதலாளி எவ்வளவு பெரிய வீடு கட்டியிருந்தாலும் ஐந்தொகை பொய் சொல்லாது.

ஒரு கம்பெனியில் நீங்கள் பங்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டி.வி.யில் பிரமாதமாக விளம்பரம் போடுகிறது. நீங்களும் பார்த்துக் கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் பங்குதாரருக்கு வருஷத்தில் ஒரு முக்கியமான நாள் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம். அன்றைக்கு வரவு செலவை உங்கள் முன்னால் வைத்தாக வேண்டும். நீங்கள் எழுந்து கேள்வி கேட்கலாம், கை தூக்கி வேண்டாம் என்று சொல்லலாம். கூட்டம் நடத்தாமல் விட்டால் சட்டப்படி அபராதம். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் பதினைந்து மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

டெல்லி அணிவகுப்பு விளம்பரம். பொதுக்கூட்டம் எங்கே நடக்கிறது தெரியுமா? உங்கள் கிராமத்தில். அதே ஜனவரி 26-ல். பல ஊரில் காலை 11 மணிக்கு, டி.வி.யில் மாநில வண்டிகள் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில். அதற்குப் பெயர் கிராம சபை.

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் அத்தனை பேரும் அதில் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவை இருந்தது. 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு ஆனது. ஊராட்சியின் வரவு செலவைப் படிக்க வேண்டும். யார் யாருக்கு வீடு, யார் யாருக்குச் சலுகை என்ற பட்டியலை வைக்க வேண்டும். 500 பேர் வரை இருக்கும் ஊராட்சிக்கு 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 10,000-க்கு மேல் என்றால் 300 பேர். டெல்லியில் நமக்குக் கிடைக்கும் ஒரு நிமிஷத்தை விட இது பெரிய இடம் இல்லையா?

சில வருஷத்துக்கு முன்னால் காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஜனவரி 26 அன்று போயிருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். சமுதாயக்கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். முக்கால்வாசி பெண்கள். செயலாளர் கணக்கு வாசித்தார். கோயிலில் அவசரமாக அர்ச்சனை செய்கிற மாதிரி வாசித்தார். இரண்டு லட்சமா இருபது லட்சமா என்று பக்கத்தில் நின்ற எனக்கே புரியவில்லை. ஓர் அம்மா எழுந்து, "தண்ணி டேங்கு மோட்டாரு ஓடி மூணு மாசமாச்சு, ரிப்பேருக்குக் கணக்கு மட்டும் எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டார். "அதை அப்புறம் பேசிக்கலாம்மா, மேலே போவோம்" என்றார் செயலாளர். மேலே போனார்கள். தீர்மான நோட்டு அப்புறம் வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

எதிர்ப்பக்கம் டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கடமைப் பாதையில் மோட்டார் சைக்கிள் சாகசம். கிராம சபையில் இருந்ததை விட டீக்கடையில் ஆண்கள் அதிகம். மோட்டார் ஓடவில்லை என்று கேட்ட அம்மாவுக்கு ஒரு கைதட்டு இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு விசில் பறந்தது.

1927-ல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். எங்கள் ஊர் அரண்மனை வீடுகளைப் பார்த்தார். வெளிநாட்டு மேஜை நாற்காலியும் அலங்காரச் சாமானும் அடைத்துவைத்திருந்ததைப் பார்த்து, இவ்வளவு எதற்கு, காற்றுப் போகவே இடமில்லையே என்ற மாதிரி செட்டியார்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நம் குடியரசு தினமும் அப்படித்தான் ஆகிவிட்டது. சாமான் நிறைய. ஜனங்கள் மூச்சுவிட இடமில்லை.

*

"போங்க சார், கிராம சபையில் என்ன பெரிதாகக் கிழித்துவிட முடியும்?" என்று கேட்பீர்கள்.

எங்கள் பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போனதாகச் செய்தி வந்தது. சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் பறவைகளும் உள்ள மலை அது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அங்கே ஆரம்பித்தது போராட்டம். டிசம்பரில் சட்டசபையே தீர்மானம் போட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. குடியரசு தினத்துக்கு மூன்று நாள் முன்னால். ஜனவரி 26 அன்று முதல்வர் அந்த ஊருக்கே போனார்; பாராட்டு விழா நடந்தது.

அரிட்டாபட்டிக்காரர்கள் டெல்லிக்கு வண்டி அனுப்பவில்லை. டெல்லி தன் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒடிசாவில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகள் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதும் சுரங்கம் வரவில்லை. ஜனவரி 26-க்கு நான் பார்த்த நல்ல அணிவகுப்பு இதுதான்.

இவ்வளவு வலு உள்ள ஒரு சபையை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இதுவரை டெல்லியைத் திட்டினேன், நீங்களும் சந்தோஷமாகப் படித்தீர்கள். இனிமேல் நம் பக்கம்.

2024 குடியரசு தினத்துக்குத் தமிழ்நாட்டு ஊர்தி டெல்லியில் போனது. தலைப்பு என்ன? குடவோலை முறை. சோழர் காலத்திலேயே உத்திரமேரூரில் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்தோம், ஜனநாயகத்தின் தாய் நாங்கள்தான் என்று காட்டினோம். நல்ல விஷயம். அந்தக் கல்வெட்டில் நிலமும் சொந்த வீடும் இல்லாதவன் நிற்க முடியாது என்பது போன்ற ஆயிரம் குறை உண்டு. இருந்தாலும் இன்னொன்றும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது. பி.காம். படித்தவனுக்கு இது போதும், கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

டெல்லியில் குடத்தைக் காட்டிவிட்டு வந்தோமா? அடுத்த வருஷம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு சிவகங்கை உள்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்து வருஷப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குடியரசு தினத்தில் இந்த மாவட்டங்களில் எந்தக் கிராமத்திலும் மக்கள் ஓட்டுப் போட்ட ஊராட்சித் தலைவர் கிடையாது. டங்ஸ்டனை விரட்டிய அரிட்டாபட்டியிலும்தான். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடி என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் பிறந்த நாளைத்தான் கொண்டாடினோம்.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று நினைத்து யாரும் குதிக்க வேண்டாம். அதற்கு முந்தைய ஆட்சியில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. மூன்று வருஷம்! ஒரு கம்பெனி மூன்று வருஷம் இயக்குநரே இல்லாமல் நடந்தால் பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். நாம் டீக்கடைக்குப் போனோம். மாநில உரிமை என்று டெல்லியிடம் உரக்கக் கேட்கிற கோட்டை, ஊராட்சி உரிமை என்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறது. டெல்லி சென்னைக்குச் செய்வதை, சென்னை சிவகங்கைக்குச் செய்கிறது.

நகரத்து வாசகரே, உங்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பெருமை, மனை விலை ஏறியது. ஆனால் ஊராட்சி போனால் கிராம சபையும் போகும். இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? அதற்குப் பதிலாக ஏரியா சபை என்று ஒன்று விதியில் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று முதல் தடவையாக நடந்தது. உங்கள் ஏரியா சபை எது, கடைசியாக எப்போது கூடியது என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னைக் கேட்காதீர்கள். நானும் உங்களைப் போலத்தான், பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்தேன்.

*

இன்னொன்று சொல்ல வேண்டும். கொடி யார் ஏற்றுகிறார்கள் என்ற விஷயம்.

டெல்லியில் குடியரசுத் தலைவர் ஏற்றுகிறார். சென்னையில் ஆளுநர். மாவட்டத் தலைநகரில் கலெக்டர். இந்த மூன்று பேரில் நீங்களோ நானோ நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் யார்? யாருமில்லை. ஆகஸ்ட் 15-க்கும் கோட்டையில் ஆளுநர்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். அது மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வரின் உரிமை என்று கேட்டு வாங்கியவர் கருணாநிதி. 1974-லிருந்து எல்லா மாநில முதல்வர்களும் ஏற்றுவது அதனால்தான். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

ஜனவரி 26 அன்று, நம் கையால் நேரடியாக ஓட்டுப் போட்ட ஒருவர் பதவி முறையில் கொடியேற்றும் இடம் கிராம ஊராட்சி அலுவலகம்தான். குடியரசு என்ற வார்த்தைக்கு அர்த்தம் அந்தக் கம்பத்தடியில் இருக்கிறது.

அந்தக் கம்பத்தடியில் என்ன நடந்தது? 2020 சுதந்திர தினத்தன்று, சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தலித் பெண் தலைவரைக் கொடியேற்றவிடாமல் தடுத்தார்கள். செய்தி வெளியே வந்து நாறிய பிறகு, ஐந்து நாள் கழித்து கலெக்டரே வந்து நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். 2022-ல் தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார்: சாதி பார்த்து யாரையும் கொடியேற்ற விடாமல் தடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்ததே, அதைவிட அவமானம் டெல்லியில் வண்டி நின்றதா?

1801 ஜூனில் சின்ன மருது திருச்சிக் கோட்டையில் ஓர் அறிவிப்பு ஒட்டவைத்தார். எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும் சேர்த்துக் கூப்பிட்டு, வெள்ளைக்காரனை எதிர்க்க வாருங்கள் என்ற அறிவிப்பு. அதற்காக அண்ணன் தம்பி இருவரும் தூக்கில் தொங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். அவருக்குச் சிலை செய்து லாரியில் ஏற்றி டெல்லிக்கு அனுப்பத் துடிக்கிற நாம், அவர் எல்லாச் சாதியையும் கூப்பிட்டதை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டோம்.

*

அணிவகுப்பே வேண்டாம் என்கிறாயா, ராணுவத்துக்கு மரியாதை வேண்டாமா என்று சிலர் கடிதம் எழுதுவீர்கள். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கட்டும். தலைநகரில் ஒரு விழா வேண்டும்தான். எல்லையில் நிற்கிறவனுக்கு நாடு எழுந்து நின்று சல்யூட் அடிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலு நாச்சியார் 2023-ல் ஔவையாரோடும் எம்.எஸ்.ஸோடும் ஒரே வண்டியில் டெல்லிக்குப் போனபோது நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியவன்தான். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் ஏமாளித்தனம் என்கிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஜனவரி 26 அன்று அணிவகுப்பைக் காட்டும் அரசு டி.வி., அன்றைக்கே மாவட்டத்துக்கு ஒரு கிராம சபையைக் காட்டட்டும். மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்கும் அம்மாவை நாடு பார்க்கட்டும். கணக்கைச் சத்தமாக, நிறுத்தி, புரிகிற தமிழில் படிக்கட்டும். நகரத்து ஏரியா சபையும் அதே நாளில் கூடட்டும். 1930-ல் ஊர் ஊராக உறுதிமொழி படித்தார்களே, அந்த மாதிரி அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுந்து படிக்கட்டும். ஒரு பக்கம் கூட வராது. படித்து முடித்த பிறகு மிட்டாய் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இதில் எதற்கும் டெல்லி அனுமதி தேவையில்லை. தேர்வுக் கமிட்டி கிடையாது, மூன்று சுற்று கிடையாது. சென்னை தேர்தலை நேரத்துக்கு நடத்த வேண்டும்; நாம் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

அடுத்த ஜனவரி 26-க்கு லீவில் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். கிராம சபைக் கூட்டம், பொதுமக்கள் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த ஊரில் உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், ஓட்டு இருக்கிற அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் அப்பத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்த நோட்டீஸைப் படித்துக் காட்டியிருப்பேன். நம்மளைக் கூப்பிட்டுத்தான் இருக்காங்க, அப்பத்தா. நாமதான் டி.வி. பார்த்துக்கிட்டு இருந்துட்டோம்.